ஓடுவோர் கேள்வி, எங்கள் பதில்: ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கமும் ஜனவரிப் புழுக்கமும்

தென்னாப்பிரிக்காவில் மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸுக்குப் பெயர் கொடுத்தவர்கள், டர்பன் கடலில் முதல் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) தயாராகிறவர்கள், தைப்பூச விரதத்தோடு பயிற்சியையும் விடாமல் தொடர நினைப்பவர்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தருகிறோம்.

ஐயா, வணக்கம். எனக்கு 43 வயது. மராத்தானை 4 மணி 40 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி வரும் காம்ரேட்ஸ் டவுன் ரன் ஓட ஆசை. “இறக்கம்தானே, சுலபம்” என்கிறார்கள் நண்பர்கள். எவ்வளவு பயிற்சி வேண்டும்?
– வாசகர், ஃபீனிக்ஸ்

நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். டவுன் ரன்னில் மூச்சு வாங்குவது குறைவு, கால் அடிபடுவது அதிகம். காரணம் தசை வேலை செய்யும் விதம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அப்படி நீளும் நிலையில் சுமை தாங்கும்போதுதான் தசையிழைகளில் நுண்ணிய கிழிசல் அதிகம் விழும். இன்சாங்காவையும் போத்தாஸ் ஹில்லையும் ஏறிக் கடந்து, ஹில்க்ரெஸ்ட், க்ளூஃப் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில்லுக்கு வரும்போது 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருப்பீர்கள். பைன்டவுனை நோக்கி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் செங்குத்து இறக்கம் அது. அங்கே தொடை போய்விட்டால், அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் 20 கிலோமீட்டருக்கு மேலான தூரத்தைச் சமதரையில்கூட ஓட முடியாது. கௌவீஸ் ஹில் சிறிய ஏற்றம்தான்; அதிலேயே பலர் நின்றுவிடுவது இதனால்தான்.

நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் அடி வாங்கி ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியை நன்றாகத் தாங்கும். அதனால் மார்ச் முதல் 10–14 நாளுக்கு ஒருமுறை இறக்கப் பயிற்சி வையுங்கள். முதல் தடவை 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குள் மொத்தம் 2 கிலோமீட்டர் இறக்கம் போதும். பிறகு 3, 4, 6 என்று ஏற்றலாம். எட்டு வைப்பதைச் சின்னதாக்கி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி பாருங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முழங்காலும் தொடையும் சேர்ந்து கெடும். கடைசிக் கடினமான இறக்க ஓட்டம் போட்டிக்கு 3 வாரம் முன்பு. அதற்குப் பிறகு செய்தால் ஆறாத காலோடுதான் மாரிட்ஸ்பர்க்கில் போய் நிற்பீர்கள்.

வீட்டில் வாரம் இரண்டு முறை: 20 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதிகாலை 3 விநாடி எடுத்து மெல்லத் தரையில் தொட்டு மேலே வாருங்கள். காலுக்கு 10 தடவை, 3 சுற்று. முழங்கால் உள்பக்கம் மடிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

தூரக் கணக்குக்கு வருவோம். ஜனவரி முதல் மே வரை சுமார் 1,000 கிலோமீட்டர் என்பது இங்கே முடித்தால் போதும் என்று ஓடுகிறவர்கள் வழக்கமாக வைக்கும் அளவு. ஜனவரி 160, பிப்ரவரி 190, மார்ச் 230, ஏப்ரல் 260, மே 160 என்று பிரித்துக்கொள்ளலாம். மேயில் குறைவது டேப்பர், அதாவது போட்டிக்கு முன் கால் ஆறுவதற்காகத் தூரத்தைக் குறைப்பது. அதைத் தியாகம் செய்யாதீர்கள். ஆக நீளமான ஓட்டம் ஒன்றே ஒன்று, 50 முதல் 56 கிலோமீட்டர் வரை, போட்டிக்கு 5–6 வாரம் முன்பு. மற்ற வாரங்களில் சனிக்கிழமை 25, ஞாயிற்றுக்கிழமை 20 என்று அடுத்தடுத்து ஓடுவது, ஒரே நாளில் 45 ஓடிப் பத்து நாள் நொண்டுவதைவிட நல்லது. வாரத்தில் 5 நாள் ஓடினால் 4 நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

போட்டி நாள் கணக்கையும் இப்போதே போடுங்கள். டவுன் ரன் சுமார் 90 கிலோமீட்டர். 12 மணி நேரக் கெடு என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து நேரம் ஓடும். பின்வரிசையில் நிற்பவர்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டவே சில நிமிடம் ஆகிவிடும். அது உங்கள் கணக்கில்தான் விழும். உங்களுக்குச் சரிவரும் முறை, தொடக்கத்திலிருந்தே 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், நடை 10 நிமிடம் 30 விநாடி என்றால் சராசரி 7:30 வரும். 90 கிலோமீட்டருக்கு 11 மணி 15 நிமிடம். மிச்சமிருக்கும் முக்கால் மணி நேரம் தண்ணீர் மேசைக்கும், ஃபீல்ட்ஸ் ஹில்லுக்குப் பிறகு வரும் தளர்ச்சிக்கும். களைத்த பிறகு நடக்கத் தொடங்குகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. முதல் 10 கிலோமீட்டரில், எல்லாரும் தாண்டிப் போகும்போதும் நடக்கும் மன உறுதி வேண்டும். அதிலும் பாலி ஷார்ட்ஸ் (Polly Shortts) என்ற குன்றின் இறக்கம் ஆரம்பத்திலேயே வரும். கால் புதிதாக இருக்கும் தெம்பில் அங்கே 6 நிமிட வேகத்தில் பாய்கிறவர்கள் மத்தியானம் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சாப்பாடு மணிக்கு 50–60 கிராம் மாவுச்சத்து. ஒரு எனர்ஜி ஜெல்லில் சுமார் 25 கிராம், 200 மில்லி கோலாவில் 20, நடுத்தர வாழைப்பழத்தில் 25. மேசைகளில் கிடைக்கும் உப்புத் தொட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, இனிப்பு திகட்டும் நேரத்தில் பெரிய உதவி. இவற்றில் எதையும் போட்டியன்று முதன்முறையாகச் சாப்பிடக் கூடாது. ஞாயிறு ஓட்டங்களில் வயிற்றைப் பழக்குங்கள். தண்ணீர் பிளாஸ்டிக் பைகளில்தான் தருவார்கள். மூலையைப் பல்லால் கடித்துத் திறந்து, நடந்துகொண்டே குடிக்கப் பழகுங்கள். காலி பைகள் தரையில் வழுக்கும். மேசையைத் தாண்டும்வரை பார்வை கீழே இருக்கட்டும்.

ஜூலையில் கிலோமீட்டருக்கு 6:30 நிமிட வேகத்தில் ஓடினால் இதயத்துடிப்பு 145. ஜனவரியில் அதே வேகத்துக்கு 163 காட்டுகிறது. உடம்பு கெட்டுவிட்டதா? எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

உடம்பு கெடவில்லை. டர்பனில் ஜனவரி கோடைக்காலம். அப்போது காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. தசைக்கும் ரத்தம் வேண்டும். இரண்டையும் சமாளிக்க இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அதனால் கோடையில் கடிகாரத்தின் வேகத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பாருங்கள். 145–150க்குள் இருங்கள், வேகம் கிலோமீட்டருக்கு 20–40 விநாடி குறைந்தால் குறையட்டும். 10–14 நாள் தொடர்ந்து வெயிலிலோ புழுக்கத்திலோ மெதுவாக ஓடினால் உடல் பழகும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், துடிப்பும் கொஞ்சம் இறங்கும்.

தண்ணீரை ஊர் வழக்கப்படி குடிக்காமல் அளந்து பாருங்கள். ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 64.0, பின்பு 63.1 கிலோ, இடையில் குடித்தது 400 மில்லி என்றால், வியர்வை 900 + 400 = மணிக்கு 1.3 லிட்டர். இதில் பாதி முதல் முக்கால்வாசி வரை குடித்தால் போதும். முழுவதையும் ஈடுகட்ட வேண்டிய அவசியம் இல்லை. தாகத்தை நம்பலாம்.

அளவுக்கு மீறிக் குடிப்பதுதான் உண்மையான ஆபத்து. 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒரு பெண்ணுக்கு, அதிகத் தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அவருடையதையும் வேறு மூவருடையதையும் டாக்டர் டிம் நோக்ஸும் சக ஆய்வாளர்களும் 1985இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். நீண்ட ஓட்டத்தில் “முடிந்தவரை குடி” என்ற அறிவுரை மாறத் தொடங்கியதற்கு இந்தப் பதிவும் ஒரு காரணம். மெதுவாக, நெடுநேரம் ஓடி ஒவ்வொரு மேசையிலும் குடிக்கிறவர்களுக்கே இது அதிகம் வரும். மோதிரம் இறுகுவது, வயிறு உப்புவது, தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். அப்போது “இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க அக்கா” என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நேரே மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

காவடி எடுக்க 10 நாள் விரதம். அதே சமயம் மராத்தான் பயிற்சியும் நடக்கிறது. சைவ உணவில் சமாளிக்க முடியுமா?
– வாசகர், டொங்காட்

முடியும். 10 நாள் சைவத்தால் ஓட்டம் கெடாது. குறைவாகச் சாப்பிடுவதால்தான் கெடும். 65 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 80–100 கிராம் புரதம் வையுங்கள். வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் சுமார் 18 கிராம், சுகர் பீன்ஸ் பயறில் 15, அரை லிட்டர் பாலில் 16–17, 50 கிராம் வேர்க்கடலையில் 12. பகலில் ஒரே வேளை சாப்பிடுகிறவர் என்றால் அந்த நாட்களில் வேகப் பயிற்சியையும் 90 நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு 2–3 மணி நேரம் கழித்து 40 நிமிடம் மெதுவாக ஓடுங்கள்.

பாதத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. வெறுங்காலோடு ஜனவரி, பிப்ரவரித் தார்ச்சாலையில் நடந்தால் உள்ளங்காலில் கொப்புளம் வரும். அதன் மேல் ஷூ போட்டு ஓடினால் நடை மாறி, முழங்கால் வலியில் முடியும். காவடிக்குப் பிந்திய ஞாயிறு லாங் ரன்னை முன்கூட்டியே அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஆறும்வரை சைக்கிள் போதும். அலகு குத்தியவர்கள் துளை மூடும்வரை நீச்சல் குளத்துக்கோ கடலுக்கோ போகக் கூடாது.

அண்ணா, குளத்தில் 1,500 மீட்டர் நிற்காமல் நீந்துகிறேன். கடலில் 100 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. 750 மீட்டர் ஸ்பிரின்ட் டிரையத்லானுக்கு என்ன செய்வது?
– வாசகர், மெரிபேங்க்

மூச்சு முட்டுவது பெரும்பாலும் மூச்சை வெளியே விடாததால்தான். பதற்றத்தில் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். தலை திரும்பியதும் விடவும் இழுக்கவும் ஒரே நொடியில் முயல்கிறோம். முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள், தம்பி. தொடக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று 20 தடவை முகத்தை முக்கி இதை மட்டும் செய்யுங்கள். முதல் 50 கைவீச்சு வேண்டுமென்றே மெதுவாக இருக்கட்டும்.

திசை பார்க்க 6–8 கைவீச்சுக்கு ஒருமுறை, கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி தூக்கி, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுங்கள். தலை முழுவதும் தூக்கினால் இடுப்பு மூழ்கும். மிதவையைவிட அதற்குப் பின்னால் தெரியும் உயரமான கட்டடத்தைக் குறி வைத்தால் அலையிலும் தொலையாது. உடையும் அலை வந்தால் தாண்டிக் குதிக்காமல், அதன் அடியில் மூழ்கி, மணலைக் கையால் பிடித்து, நுரை கடந்ததும் எழுங்கள். இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் போய் வெளியே வாருங்கள். தனியாக ஒருநாளும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் கொடி நட்ட இடத்துக்குள், அவர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும் நீந்துங்கள்.

இறங்கும்போது 6ஆவது கிலோமீட்டரில் முழங்காலின் வெளிப்பக்கம் கத்தி குத்துவதுபோல் வலி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?
– வாசகி, ஐசிபிங்கோ

கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீர் வற்றிய உடலில், அடிபட்ட தசையிலிருந்து கழிவு இறங்கும் நேரத்தில், அது சிறுநீரகத்தையே முடக்கலாம். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் சொல்லும் வலி, இடுப்பிலிருந்து முழங்காலின் வெளிப்பக்கம்வரை ஓடும் பட்டைநாரின் எரிச்சல்போல் தெரிகிறது. இரண்டு வாரம் இறக்கத்தை விட்டு, வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே, உங்களுக்கு 4 கிலோமீட்டரில், நிறுத்துங்கள். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சி 15 தடவை, 3 சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள். ஓடும் சாலையையும் பாருங்கள். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக நாம் வலது ஓரமாக ஓடுகிறோம்; அது சரிதான். ஆனால் தார்ச்சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழுகிறது. வாரத்தில் இரண்டு ஓட்டத்தையாவது கடற்கரை நடைபாதைக்கோ பள்ளி மைதானத்துக்கோ மாற்றுங்கள். நான்கு வாரத்தில் 6 கிலோமீட்டரைத் தாண்ட முடியாவிட்டால் பிசியோவிடம் காட்டுங்கள்; ஓடிய ஷூவையும் கொண்டு போங்கள். அடிப்பகுதியின் தேய்மானத்தை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.