திருத்தித் திருத்தி வரைவது எதற்காக?

கேள்வி: கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறேன். ஸ்டுடியோவில் ஒரே வடிவமைப்பை வாரந்தோறும் திருத்தி வரையச் சொல்கிறார்கள். இதைப் பாடமாகவே நடத்திவிடக் கூடாதா?

பதில்: விதிகளைப் பாடமாக நடத்தலாம், ஆனால் ஒன்றோடொன்று முரண்படும் தேவைகளை ஒரே கட்டடத்துக்குள் பொருத்தும் திறன், வரைந்தும் அழித்தும் மீண்டும் வரைந்துமே கைவரும். 3 மீட்டர் உயரத்திலுள்ள மேல்தளத்துக்கு நேரான மாடிப்படி ஒன்றை வரைந்து பாருங்கள். ஒவ்வொரு படியும் 150 மி.மீ. உயரம் என்றால் 20 ஏற்றங்கள் வேண்டும். கால் வைக்கும் அகலம் 300 மி.மீ. எனக் கொண்டால், கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிந்தாலும், மீதி 19 படிகளுக்கு 5.7 மீட்டர் நீளம் போய்விடும். நீங்கள் ஒதுக்கிய 4 மீட்டர் கூடத்தில் அது அடங்காது என்பது கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் குறுக்குவெட்டை வரையும்போதுதான் உறைக்கும். படியைத் திருப்பினால் சன்னல் மறைகிறது, சன்னலை நகர்த்தினால் முகப்பே மாறுகிறது. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியும், செய்து கற்கும் பயிலரங்குகளையே கல்வியின் மையமாக வைத்தது.

ஆசிரியரின் திருத்தங்களைக் குறைகூறலாக எண்ணி மனம் தளர வேண்டாம். பழைய தாள்களைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். 1:50 அளவில் (உண்மையில் 50 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ.) அட்டை மாதிரி ஒன்றையும் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். அறைக்குள் வெளிச்சம் விழும் விதத்தைத் தளவரைபடம் காட்டாது.