லார்டும் ரொட்டியும்

அன்புள்ள ஐயா,

பிரபுக்களைக் குறிக்கும் ‘லார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ரொட்டியைக் காப்பவன்’ என்பதுதான் மூலப்பொருள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ‘லேடி’ என்றால் மாவு பிசைபவளாம். யாரோ கட்டிவிட்ட கதை என்று நண்பர்களிடம் வாதாடினேன். நான் சொன்னது சரிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோற்றுவிட்டீர்கள். வாட்ஸப் எப்போதாவது உண்மையும் சொல்லும்.

பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு ‘ஹ்லாஃப்’ என்று பெயர். இன்றைய ‘லோஃப்’ அதுதான். ‘வெயர்ட்’ என்றால் காவலன். இரண்டும் ஒட்டித் தேய்ந்து ‘ஹ்லாஃபோர்ட்’ ஆயிற்று. நடுவிலிருந்த ஃப் முதலில் வகரமாக ஒலித்தது, பிறகு அதுவும் உதிர்ந்து ‘லார்ட்’ மிஞ்சியது. தலையைக் குறித்த ‘ஹேயாஃபோட்’ என்ற சொல் ‘ஹெட்’ ஆனதும் இதே வழியில்தான்.

எனக்குப் பிடித்தது வழக்கொழிந்துபோன இன்னொரு சொல்: ‘ஹ்லாஃப்-ஏட்டா’, ரொட்டி தின்பவன். அண்டிப் பிழைக்கும் ஆள் என்று பொருள். ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கென்ட் அரசர் ஏதெல்பெர்ட் வகுத்த சட்டத்தில் வருகிறது. ஒரு குடியானவனின் ‘ரொட்டி தின்பவனை’க் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்டவேண்டும். காப்பவன், பிசைபவள், தின்பவன் என்று ஒரு வீட்டின் படிநிலை முழுவதும் ரொட்டியைச் சுற்றியே இருக்கிறது. ‘நமக்குப் படியளக்கிறவர்’ என்று முதலாளியைச் சொல்கிறோமே, அதுதான்.

ஆனாலும் நீங்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ‘சர்லாயின்’ என்ற மாட்டிறைச்சித் துண்டைப் பற்றி ஒரு கதை உண்டு. ருசியில் மயங்கிய அரசர் வாளை உருவி அதற்கு ‘சர்’ பட்டம் கொடுத்தாராம். எந்த அரசர்? எட்டாம் ஹென்றி என்பார்கள், முதலாம் ஜேம்ஸ் என்பார்கள், இரண்டாம் சார்ல்ஸ் என்றும் சொல்வார்கள். ஒரே கறித்துண்டுக்கு மூன்று தடவை பட்டம்! பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் மேலே. இடுப்புக்கறிக்கு மேலே உள்ள துண்டு, அவ்வளவுதான்.

தோற்றதற்கு ஆறுதலாக ஒன்று தருகிறேன். ‘லேடி’யின் பின்பாதி பிசைதலைக் குறிப்பது. பிசைந்த மாவுக்கான ‘டோ’, பால்பண்ணைக்கான ‘டெய்ரி’ இரண்டும் அதற்கு உறவு. பிசைந்து உருவாக்குதல் என்ற அதே இந்தோ-ஐரோப்பிய வேர்தான் சமஸ்கிருதத்தில் ‘தேஹ’ ஆகி நம்மிடம் தேகமாக வந்திருக்கிறது. நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். வாட்ஸப்பில் வந்ததா என்று கேட்பார்கள்.