சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குக் கடலோர உயிர்களைக் காட்ட எங்கே போகலாம்?

செக் ஜாவாவுக்குப் போங்கள். புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் கடலோரச் சதுப்பு நிலம் அது. போன பள்ளி விடுமுறையில் மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் என்று குடும்பமாகப் போய் வந்தோம்.

போகும் நாளை மட்டும் கடல் நீர் வற்றும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் மணல் திட்டும் கடற்புல் வெளியும் நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் உள்வாங்கும். வீட்டு நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம் இணையத்தில் ஓத அட்டவணையைப் பாருங்கள்.

சாங்கி வில்லேஜ் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும். கட்டணத்துக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உபினில் இறங்கி மூன்று கிலோமீட்டர் போல உள்ளே போக வேண்டும். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். மாமியாருக்காக நாங்கள் வேன் பிடித்தோம்.

பார்வையாளர் மையம் இருப்பது 1930-களில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓய்வுக்காகக் கட்டிய வீட்டில். குளிர்காய அடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். "இந்த வெயிலில் இது எதுக்குப்பா?" என்று சின்னவள் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளமுள்ள நடைபாலம் சதுப்புக் காட்டுக்குள்ளும் கடலுக்கு மேலும் போகிறது. மாமியாருக்கு முத்துப்பேட்டை. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிமிர்ந்து நின்ற வேர்களைப் பார்த்ததுமே, "மாப்பிள்ளை, இது எங்க ஊரு அலையாத்திக் காடேதான்!" என்றார். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மரம் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அவர்தான் விளக்கினார். நான் வாயே திறக்கவில்லை.

நண்டுகளைவிட்டுப் பிள்ளைகள் நகரவே மாட்டேன் என்றார்கள். ஒரு வகையில் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருக்கிறது. சேற்றை அள்ளித் தின்பதற்குச் சின்னக் கொடுக்கு. பெரியதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும், போட்டிக்கு வரும் ஆண்களை மிரட்டும். பக்கத்திலேயே சேற்றில் துள்ளிப் போகும் மீன்கள். தோல் ஈரமாக இருக்கும்வரை அவை தண்ணீருக்கு வெளியேயும் சுவாசிக்கும். இருபது மீட்டர் உயரக் கோபுரத்திலும் ஏறிப் பாருங்கள். இருவாச்சிப் பறவை கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

இந்த இடத்தையே மண் போட்டு மேடாக்க இருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து அரசிடம் கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007-இல் நடைபாலம் திறந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரில் பெய்த பெருமழையின் வெள்ளம் கடலின் உப்பைக் குறைத்து, இங்கே ஏராளமான உயிர்கள் மடிந்தன. அதையும் தாண்டி மீண்டு வந்திருக்கிறது. திட்டம் தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, கைவிடப்படவில்லை. அதனால்தான் பிள்ளைகளை இப்போதே கூட்டிப்போங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

திரும்பி வந்து சாயங்காலம் சாங்கி கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்தோம். 3.3 கிலோமீட்டர் நீளம், நல்ல நிழல், தலைக்கு மேலே தாழ்வாக இறங்கும் விமானங்கள். 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியர் இந்தக் கரையில் 66 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றதற்கான நினைவுக்கல் ஒன்று அங்கே இருக்கிறது. பெரியவன் அதைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னோம்.

நீர் வற்றும்போது இந்தக் கரையிலும் நட்சத்திர மீன் தெரியும். சிலர் பிள்ளைகள் கையில் வாளியைக் கொடுத்து அள்ளவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாளித் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும், உள்ளே இருப்பது செத்துப்போகும். குனிந்து பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், அது போதும்.

செக் ஜாவாவில் நடைபாலத்தைவிட்டு மணல் திட்டில் இறங்க ஆசை என்றால், தேசியப் பூங்காக் கழகம் நடத்தும் வழிகாட்டியுடன் கூடிய நடைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், விடுமுறைக்குக் காத்திராமல் முன்கூட்டியே பாருங்கள்.