பலாலியிலை எழும்பி எந்தப் பக்கம் திரும்புறது? சிமுலேற்றர் வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

கணினியிலை விமானச் சிமுலேற்றர் ஓட்டுற பிள்ளையள் வழக்கமா என்னட்டைக் கேட்கிறது விமானத்தை எப்பிடி எழுப்புறது, எப்பிடி இறக்கிறது எண்டுதான். இந்த முறை வரைபடமும் பாதையும் மட்டும் கதைப்பம் எண்டு சொல்லியிருந்தன். வந்த கேள்வியளைப் பார்க்கச் சந்தோசமா இருக்கு.

கோப்பாய்த் தம்பி: அண்ணை, திரையிலை ஊதாக் கோடு வருது, ஓட்டோபைலட் அதைப் பிடிச்சுக்கொண்டு போகுது. பிறகேன் வரைபடம் படிக்கோணும்?

கோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் தம்பி, அது உண்மை. ஆனா இறங்கின பிறகு எந்த ஊருக்கு மேலாலை வந்தனீங்கள் எண்டு கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. அப்ப பறந்தது நீங்கள் இல்லை. முதல் பத்துப் பயணத்துக்கு ஜிபிஎஸ்ஸை நிப்பாட்டி வையுங்கோ. திசைகாட்டி, மணிக்கூடு, வரைபடம் மூண்டும் காணும். வல்வெட்டித்துறை ஆக்கள் அன்னபூரணிப் பாய்க்கப்பலை 1938 இலை அமெரிக்காவின்ரை குளொஸ்டர் துறைமுகம் மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தவை. ஜிபிஎஸ் எண்ட சொல்லே இல்லாத காலம் அது.

சாவகச்சேரியிலை இருந்து: யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலை இருந்து கொழும்புக்குப் பக்கத்திலை இருக்கிற கட்டுநாயக்காவுக்கு செஸ்னா 172 எண்ட சின்ன விமானத்திலை போகோணும். எங்கையிருந்து தொடங்கிறது?

இதுக்குத்தான் நான் காத்திருந்தனான். கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

பலாலியின்ரை நாலெழுத்துக் குறியீடு வி.சி.சி.ஜே, கட்டுநாயக்கா வி.சி.பி.ஐ. பேரை விடக் குறியீட்டாலை தேடுறதுதான் சுகம், பேரை ஒவ்வொரு இடத்திலை ஒவ்வொரு மாதிரி எழுதி வைச்சிருப்பினம். ரெண்டுக்கும் இடையிலை நேர்கோடு கீறினால் ஏறக்குறைய 157 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீற்றர்; இனி மைல் எண்டாலும் இதுதான்). மென்பொருள் இல்லாமலே இதைக் கணக்குப் பார்க்கலாம்: அகலக்கோட்டிலை ஒரு பாகை 60 கடல் மைல். பலாலி 9.79, கட்டுநாயக்கா 7.18. கழிச்சு 60 ஆலை பெருக்கிப் பாருங்கோ.

ஆனா நேர்கோட்டிலை போகாதேங்கோ. அது காட்டுக்கும் கடலுக்கும் மேலாலை போகும், அடையாளம் பிடிக்கிறது கஷ்டம். பலாலி, மன்னார், கற்பிட்டி, கட்டுநாயக்கா எண்டு உடைச்சுப் போடுங்கோ. 50, 46, 63 எண்டு மொத்தம் 159 கடல் மைல் வரும். ரெண்டு மைல்தான் கூட, ஆனா வழி முழுக்க அடையாளம் இருக்கு. யாழ்ப்பாண நகரத்தை வலப்பக்கம் விட்டுக் கடலேரியைக் கடந்தால், 30 மைலிலை இரணைதீவு உங்களுக்குக் கீழை வரும். ரெண்டு தீவு ஒட்டினமாதிரிக் கிடக்கும், வேறை எதோடையும் மாறாது. பிறகு மன்னார்ப் பாலம். அங்கையிருந்து கரையை இடப்பக்கம் வைச்சுக்கொண்டு கற்பிட்டி. அதைத் தாண்டினால் இடப்பக்கம் புத்தளம் கடலேரி, வலப்பக்கம் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின்ரை புகைபோக்கி. பிறகு சிலாபம், நீர்கொழும்பு.

இப்ப காத்து. சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, 230 பாகையிலை இருந்து 20 நொட் (மணித்தியாலத்துக்கு 20 கடல் மைல்) அடிக்குது எண்டு வையுங்கோ. உங்கட விமானம் 110 நொட் ஓடும். தெற்கை போகேக்கை காத்து வலப்பக்க முன்னாலை இருந்து வரும். அப்ப மூக்கை ஏழு, எட்டுப் பாகை வலத்தை திருப்பிப் பிடிக்கோணும். தரைவேகம், அதாவது நிலத்துக்கு மேலாலை நகருற வேகம், 95 நொட் அளவுக்கு இறங்கும். காத்தில்லாமல் ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளை முடியிற பயணம் ஒரு மணி 40 நிமிடம் ஆகும். மணித்தியாலத்துக்கு 9 கலன் எரிபொருள் எண்டால் பயணத்துக்கு 15, ஓடுபாதைக்கும் ஏறுறதுக்கும் 2, கையிருப்பா 45 நிமிடத்துக்கு 7. மொத்தம் 24 கலன். தாங்கி 53 கொள்ளும், ஆனாலும் இந்தக் கணக்கை எழுதிப் பழகுங்கோ.

உயரம் கற்பிட்டி மட்டும் 4500 அடி; அதுக்குப் பிறகு பாதை 180க்குக் கொஞ்சம் கீழை வாறதாலை 3500. பாதை திசைகாட்டியிலை 180க்கு மேலை எண்டால் இரட்டை ஆயிரத்தோடை 500, கீழை எண்டால் ஒற்றை ஆயிரத்தோடை 500. எதிர்ப்பக்கம் வாறவை உங்கட மட்டத்திலை வரக்கூடாது எண்டதுக்காகத்தான் இந்த ஒழுங்கு.

சாவகச்சேரியிலை இருந்து திருப்பி: இரணைதீவு நேர கீழை வராமல் தள்ளித் தெரிஞ்சால்?

நல்ல கேள்வி. 60 மைல் பறந்து ஒரு மைல் விலகினால் பிழை ஒரு பாகை. 30 மைல் பறந்து 3 மைல் இடப்பக்கம் விலகியிருந்தால் ஆறு பாகை பிழை. மன்னாருக்கு மிச்சம் 20 மைல், அதுக்குள்ளை 3 மைல் திரும்பி வர ஒன்பது பாகை. ரெண்டையும் கூட்டி 15 பாகை வலத்தை திருப்புங்கோ, நேரா மன்னாரிலை நிப்பீங்கள். பிறகு மணிக்கூட்டைப் பாருங்கோ. இரணைதீவு 19 நிமிடத்திலை வந்திருக்கோணும். 23 ஆச்செண்டால் காத்து நினைச்சதை விடக் கூட. எரிபொருள் கணக்கைத் திருப்பிப் பாருங்கோ.

அளவெட்டி: பலாலியிலை எந்தப் பக்க ரன்வே எடுக்கிறது?

ரன்வே 05/23, அதாவது ஒரு பக்கம் 050 பாகை, மற்றப் பக்கம் 230 பாகை; வடகிழக்கும் தென்மேற்குமாக் கிடக்கு. எங்கட வாடையும் சோளகமும் அடிக்கிற திசை அதுதானே! மார்கழி, தை வாடையிலை 05. எழும்பினவுடனை கீழை கடல். வைகாசியிலை இருந்து புரட்டாதி மட்டும் சோளகத்திலை 23. கட்டுநாயக்காவும் 04/22, அதே கதைதான். நேரடி வானிலையைப் போட்டுப் பறந்தால் இதைக் கண்ணாலை காணலாம்.

கரவெட்டி: அண்ணா, ரீலோட் போட்டுத்தான் இன்ரநெற். எந்தச் சிமுலேற்றர், எந்த வரைபடம்?

மைக்ரோசொஃப்ற் சிமுலேற்றர் நிலத்தோற்றத்தைப் பறக்கப் பறக்க இணையத்தாலை இழுக்கும், டேற்றா பறந்துபோகும். எக்ஸ்-பிளேன் 12 நிலத்தோற்றத்தை டிஸ்க்கிலை வைச்சிருக்கும். ஃப்ளைற்கியர் முழுக்க இலவசம். வரைபடத்துக்கு லிட்டில் நாவ்மப் எண்டதை இறக்குங்கோ, அதுவும் இலவசம், மைக்ரோசொஃப்றோடையும் எக்ஸ்-பிளேனோடையும் வேலை செய்யும். ஒரு வசதி கனபேருக்குத் தெரியாது: அதின்ரை வெப் சேர்வரைப் போட்டுவிட்டால் வீட்டு வைஃபையிலை இருக்கிற போனிலை வரைபடம் தெரியும். ரெண்டாவது திரை வாங்கத் தேவையில்லை.

மானிப்பாய்: பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலை ஓடுற ஏரிஆர் பயணிகள் விமானம் மாதிரி ஓடோணும்.

சிம்பிரீஃப் எண்ட பறப்புத் திட்ட இணையத்தளத்திலை பலாலி, சென்னை ரெண்டின்ரை குறியீட்டையும் போட்டு ஏரிஆர் 72 ஐத் தெரியுங்கோ. பாதையும் எரிபொருளும் கணக்கா வரும். சென்னை 192 கடல் மைல் அளவு. பாக்கு நீரிணைக்கு மேலை கொழும்பு வான்பரப்பு முடிஞ்சு சென்னை வான்பரப்பு தொடங்கும், வானொலி அலைவரிசை மாற்ற ஆயத்தமா இருங்கோ. இறங்கத் தொடங்கிறதுக்கு, குறைக்க வேண்டிய ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூண்டு மைல் முன்னாலை எண்டு வையுங்கோ.

உரும்பிராய்: பலாலியிலை எழும்பி கட்டுநாயக்கா விஓஆரை (திசை காட்டுற தரை வானொலி நிலையத்தை) போட்டால் ஊசி அசையுதில்லை. பழுதோ?

பழுதில்லை. அது நேர்ப்பார்வைக்குள்ளைதான் பிடிபடும், பூமியின்ரை வளைவு மறைக்கும். 4500 அடியிலை 80 மைல் சொச்சம்தான் எட்டும். கற்பிட்டிக்கு நேரை போய்ப் பாருங்கோ, ஊசி உயிர்க்கும்.

சுன்னாகம்: வரைபடத்திலை வடக்கு மேலை இருக்கிறதோ, போற திசை மேலை இருக்கிறதோ நல்லது?

படிக்கிற காலத்திலை வடக்கு மேலை.

நெல்லியடி அக்கா ஒராள்: திசையைச் சரியாப் பிடிச்சும் மன்னாருக்குப் பிறகு கடலுக்குள்ளை போட்டன்.

அக்கா, எனக்கும் அதே இடத்திலை நடந்தது. அரை மணித்தியாலமாக் கரையே தெரியேல்லை, நெஞ்சு அடிச்சுக்கொண்டு இருந்தது. செஸ்னாவிலை திசை காட்டுற வட்டக் கருவி சுழல்கருவியாலை ஓடுறது, நேரம் போகப் போக விலகும். 15 நிமிடத்துக்கு ஒருக்கா, நேரா மட்டமாப் பறக்கேக்கை, மேலை இருக்கிற காந்தத் திசைகாட்டியோடை பொருத்துங்கோ. திரும்பிக்கொண்டு இருக்கேக்கை பொருத்தாதேங்கோ, காந்த ஊசி அப்ப பிழையாக் காட்டும். வரைபடத்திலை அளந்த திசைக்கு எங்கட பக்கம் ரெண்டு பாகை அளவு கூட்டவும் வேணும், காந்த வடக்கு மேற்காலை விலகி இருக்கிறதாலை.

அப்பிடியும் தவறினால் அந்தக் கடலிலை ஒரு ஆறுதல் இருக்கு. கிழக்கை 090க்குத் திருப்பிப் பிடியுங்கோ. கரை வரும். வந்ததும் கரையை இடப்பக்கம் எடுத்துக்கொண்டு தெற்கை போங்கோ, கற்பிட்டி முனை தெரியும் மட்டும்.