பனிச்சறுக்கு: முதலில் பூட்ஸ், பிறகுதான் பலகை

கேள்வி: பனிச்சறுக்கு கற்கப் போகிறேன். பலகை, பூட்ஸ், ஊன்றுகோல் எல்லாம் ஒரே செட்டாகத் தள்ளுபடியில் கிடைக்கின்றன. வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். கற்பவருக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரமுள்ள, எளிதில் வளையும் பலகை போதும். கை தேறியதும் அதுவே போதாமல் போய்விடும் என்பதால் வாடகைக்கு எடுங்கள். இருக்கும் பணத்தைப் பூட்ஸில் போடுங்கள்.

பூட்ஸின் அளவு பாத நீளத்தின் சென்டிமீட்டர் கணக்கு, 26.5 என்றால் 26.5 செ.மீ. பாதம். கடையில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெளியே உள்ள கடினமான ஓட்டுக்குள் மட்டும் காலை விட்டு, விரல் நுனி முன்பக்கத்தைத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் போனால் பூட்ஸ் பெரியது. பிறகு உள்ளுறையோடு அணிந்து, கொக்கிகளைப் பூட்டி, முழங்காலை முன்னால் மடக்குங்கள். விரல்கள் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. நிமிர்ந்து நிற்கையில் விரல் தொடுகிறதே என்று பயந்து ஓர் அளவு பெரிதாக வாங்குகிறவர்கள்தான் பிறகு பலகையைத் திருப்ப முடியாமல் திண்டாடுவார்கள். காலுறை மெல்லியதாக ஒரே ஜோடி போதும்.

பூட்ஸின் விறைப்பைக் காட்டும் எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். அதற்குப் பொதுத் தரம் கிடையாது; ஒரு நிறுவனத்தின் 90 இன்னொன்றின் 80 போல இருக்கலாம்.

கேள்வி: நண்பர் தன் பழைய பலகையை பைண்டிங்கோடு (பூட்ஸைப் பலகையோடு பூட்டும் கருவி) தருகிறார். பைண்டிங் எண்ணை நானே ஸ்க்ரூடிரைவரால் திருகி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. விழும்போது பூட்ஸை எவ்வளவு விசையில் விடுவிப்பது என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் பாணி எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் அதை வைப்பார்கள். தளர்வாக இருந்தால் ஓட்டத்தின் நடுவே கழன்றுகொள்ளும். இறுக்கமாக இருந்தால் கழலாமல் காலை முறித்துவிடும். சரியாக வைத்தாலும் முழங்கால் தசைநார் கிழிவதை அது முழுதாகத் தடுக்காது.

மிகப் பழைய பைண்டிங்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்பதை நிறுத்திவிடுவார்கள். கடைக்காரரும் தொட மறுப்பார். எனவே நண்பரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் முன்பே பலகையையும் உங்கள் பூட்ஸையும் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பூட்ஸின் அடி வகை பைண்டிங்குக்குப் பொருந்துகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். வாடகைக் கடையில் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் எழுதும் வழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் பொய்யின் விலையைக் கால்தான் கொடுக்கும்.

கேள்வி: வீட்டில் சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அதுவே போதாதா?

பதில்: போதாது. பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான ஈஎன் 1077 (EN 1077) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 (ASTM F2040) என்ற தரக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அடிபட்ட கதை தெரியாது என்பதால் பழைய ஹெல்மெட்டை விலைக்கு வாங்குவதும் நல்லதல்ல.

ஹெல்மெட் அணிந்த துணிச்சலில் வேகத்தைக் கூட்டாதீர்கள். சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதிப்படி, பின்னாலிருந்து வருபவர்தான் முன்னால் செல்பவருக்கு ஆபத்து நேராதபடி வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓய்வெடுக்க நின்றால் சரிவின் ஓரத்துக்குப் போய்விடுங்கள். மேட்டுக்குக் கீழே, மேலிருந்து வருபவர் கண்ணில் படாத இடத்தில் நிற்காதீர்கள்.