முழங்கையில் அடித்த ஷாக்

அன்புள்ள ஐயா,

நேற்று பேருந்தில் ஏறும்போது கம்பியில் முழங்கை இடித்துவிட்டது. சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் இழுத்தது, அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. எலும்பில் பட்டால் விரலில் ஏன் ஷாக் அடிக்கிறது? இது நரம்புத் தளர்ச்சி, லேகியம் சாப்பிடு என்கிறார் அறையில் உடனிருப்பவர். உடனே இரும்பைத் தொட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா?

க., கரூர்

அன்புள்ள க.,

இரும்பை விடுங்கள். லேகியத்தை உடனிருப்பவரே சாப்பிடட்டும்.

அடி பட்டது எலும்பில் அல்ல, அல்நார் நரம்பில். கழுத்திலிருந்து இறங்கி வரும் அது, முழங்கையின் உட்புறம் எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. மேல்கையில் தசை மூடிக் காக்கிறது. இந்த இடத்தில் தோல்தான் போர்வை. இடித்ததும் நரம்பு எலும்போடு நசுங்குகிறது. அது சேதி கொண்டுவருவது சுண்டுவிரலிலிருந்தும் மோதிரவிரலின் பாதியிலிருந்தும். நடுவழியில் ஏறியவனையும் புறப்பட்ட ஊர்க்காரன் என்றே நினைக்கும் நடத்துநர்போல, மூளை அந்த அடியை விரலின் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருக்கிறீர்களே, படித்த பிள்ளை! சுவரொட்டியில் பார்த்ததையெல்லாம் வியாதி என்று நம்புவீர்களா? இடித்ததும் சுரீரென்று ஏறி அரை நிமிடத்தில் அடங்கினால், அந்த நரம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். செத்த நரம்பு சத்தம் போடாது. அதை நான் கண்ணால் பார்த்தவன்.

குடியாத்தத்தில் என் மாமா கைலி நெய்தவர். ஏழு வயதில் அவருடைய தறிக்கட்டையில் முழங்கையை இடித்துக்கொண்டு நான் குதித்தேன். அவர் தன் முழங்கையை அதே கட்டையில் ஓங்கி இடித்துக் காட்டினார். முகம் அசையவில்லை. "எனக்கு இது வந்து பத்து வருஷம் ஆச்சுடா" என்றார். அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருக்கும். அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவார், தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியும்.

மாமாவுக்கு வந்தது தொழுநோய். அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். தோலை ஒட்டிக் கிடப்பதால் முழங்கையில் இந்த நரம்பு கொஞ்சம் குளிர்ந்தே இருக்கிறது. அதனால்தான் தொழுநோயைச் சந்தேகிக்கும் மருத்துவர் அந்தப் பள்ளத்தில் விரல் வைத்து, நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூரில் அப்படி மடங்கிய விரல்களுக்குத் தசைநாரை மாற்றித் தைத்து நிமிர்த்தினார். விரல்கள் தேய்வது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் சூட்டிலும் கூர்மையிலும் காயம் படுவதால் என்று வாழ்நாளெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டில் யார் காதிலும் அது விழவில்லை. முன்வினை என்றாள் பாட்டி. வினை அல்ல, கிருமி! இன்று 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், அரசு மருத்துவமனையில் இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

உங்களுக்கு அதெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். அந்த இரண்டு விரலும் நாள்கணக்கில் மரத்துக் கிடந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள். கையை மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் செல்போன் பேசாதீர்கள்.

மாமாவுக்குக் கல்யாண வீடுகளில் பந்தியின் கடைசியில்தான் இலை போடுவார்கள், சற்றுத் தள்ளி. பதினைந்து வயதில் ஒருமுறை அந்த இலையைத் தள்ளிப் போட்டவன் நான்.