ஏற்காட்டில் எடுக்கும் பறவைப் படங்கள் மங்கலாக வருவது ஏன்?

400 மி.மீ. லென்ஸ் இருந்தும் ஏற்காட்டில் எடுத்த படங்களில் தெளிவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை லென்ஸில் இருப்பதில்லை. ஷட்டர் வேகத்தில், அதாவது கேமராவின் ஒளித்திரை எவ்வளவு விரைவாகத் திறந்து மூடுகிறது என்பதில்தான் இருக்கிறது. காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின் நிழல் அடர்ந்திருப்பதால், தானியங்கி முறையில் கேமரா 1/100 நொடி அளவுக்குக்கூட வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கிளையில் அமர்ந்திருக்கும் செம்மீசைச் சின்னான்கூட ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த வேகத்தில் அதன் கண்ணும் கன்னத்துச் சிவப்பும் ஒன்றோடொன்று கலங்கிவிடும். அமர்ந்த பறவைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று வைத்துக்கொண்டு, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் உயர்த்துங்கள். அதனால் தோன்றும் புள்ளிகளை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம், அசைவால் வந்த மங்கலைச் சரிசெய்வது மிகக் கடினம். ஃபோகஸ் எப்போதும் கண்ணில் இருக்கட்டும்.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானைக் காண நேர்ந்தால், தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் அருகிவரும் இனம் அது என்பதை மனத்தில் கொண்டு, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காமல் தொலைவிலிருந்தே எடுங்கள். எந்தப் பறவையின் கூட்டையும் நெருங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாம் அருகில் நிற்கும் வரை தாய்ப்பறவை திரும்ப அஞ்சுவதால், முட்டைகள் குளிர்ந்துபோகக்கூடும்.